ரோஸ்லெட் அக்கா ஊருக்குப் போன வாரம்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் இல்லை. தையல் கடையைத் திறந்து வைத்து வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

ஊர் வாட்ஸாப் குழுவில் போட வேண்டியவை: மின்தடை (எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கேட்பார்கள்). சனிக்கிழமை சர்ச் ஹாலில் கண் முகாம். காணாமல் போன பசு கிடைத்துவிட்டது, பழைய பதிவை அழிக்க.

மதியம் ரோஸ்லெட் அக்கா நனைந்துகொண்டே வந்தாள். அவள் புருஷன் ஞானதாஸ் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்றிலிருந்து அக்கா கடைத்தெருவுக்கு வருவதும் ஓட்டம், போவதும் ஓட்டம். இன்றும் உட்காரவில்லை.

“எனக்க மோளுக்கு வெள்ளிக்கிழம நாகர்கோவில்ல ஆபரேசன். தலப்பிரசவம். மருமகனுக்க அம்மா ஞாயித்துக்கிழமதான் வருவா. அதுவர இவர ஆரு பாப்பா? ராத்திரியும் கூட இருக்கியதுக்கு ஒரு ஆம்பள ஆளு வேணும். உனக்க குரூப்புல போடு மக்கா.”

போட்டேன். சாயங்காலம் வரை கும்பிடும் கைகள், இதயங்கள், ‘ஜெபிக்கிறோம் சகோதரி’. ஆள் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் ஒருவரும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனைப் பார்ப்பது. ஒரு ஜாக்கெட்டுக்குக் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் பிந்துவைக் கூப்பிட்டேன். அவளோடு வேலை செய்கிறவர்கள் வருவார்கள், புண்ணுக்கு மருந்து வைப்பார்கள், போய்விடுவார்கள். தங்கமாட்டார்கள். “தங்கி நிக்கியதுக்குத்தான் ஆளே கிடைக்கல்ல சேச்சி. எல்லா வீட்டுலயும் இதுதான் கேக்குதாவ.”

குழுவில் ஒருவர்: ‘சொந்தக்காரங்க இல்லியா?’ பதில் நீளமாக அடித்தேன். அழித்தேன்.

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். “நீ எதுக்கு இதையெல்லாம் தலையில தூக்கிப் போடுத?” தெரியவில்லை. கரண்ட் வந்தது. தைக்கத் தோன்றவில்லை.

ஜூன் 11, புதன்

காலையில் ஒரு புது நம்பர். தேங்காப்பட்டணத்திலிருந்து ஷாகுல் என்பவர். குவைத்தில் ஒரு வீட்டில், படுத்த படுக்கையாக இருந்த பெரியவரைப் பார்த்துக்கொண்டவராம். இப்போது ஊரோடு வந்தாயிற்று. “வீட்டுல சும்மா இரிக்கேன். சும்மா இருந்தா எனக்குக் கிறுக்குப் பிடிக்கும். நான் வரட்டா?”

சந்தோஷம். உடனே பயம். முன்பின் தெரியாத ஆளை எப்படி வீட்டுக்குள் விடுவது? பிந்துவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்தவர்தான். அவர் உம்மா படுக்கையில் கிடந்தபோது எல்லாம் அவர் கையாலேயே செய்தாராம்.

மதியம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஞானதாஸ் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “வேண்டாம். ஊரு பேரு தெரியாத ஆளு எனக்க துணிய மாத்தப்பிடாது.” அக்கா வாசற்படியில் நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஷாகுல் அண்ணன் கெஞ்சவில்லை. மேலே பார்த்துவிட்டு, “கான்கிரீட்டு ஒழுகுதே. ஆரு பூசுனது?” என்றார்.

“நாந்தான்,” என்றார் கட்டிலில் இருந்தவர். “எனக்க பூச்சு ஒழுகாது. மேல கேறிப் பாரும் வே.”

தூறலில் ஏணி வைத்து ஏறினார் மனுஷன். மேலேயிருந்தே சத்தம்: “தண்ணி போற ஓட்டையில பலா இல அடைச்சிருக்கு. பூச்சுல குத்தம் இல்ல!”

“அதானே,” என்றார் ஞானதாஸ் அண்ணன். சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, “வெள்ளிக்கிழம எப்ப வருவீரு?”

ஜூன் 13, வெள்ளி

ஷாகுல் அண்ணன் வந்து சேர்ந்ததும் அக்கா முதல் பஸ்ஸுக்குப் போனாள். முக்கு வரை போய்த் திரும்பி ஓடி வந்தாள், மாத்திரை டப்பா எங்கே இருக்கிறதென்று சொல்ல. ஏற்கெனவே சொன்னதுதான்.

மத்தியானம் போன். பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். குழுவில் போட வேண்டாம் என்றாள். கை அரித்தது. போடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சாயங்காலம் வருவதாகச் சொன்னவள் வரவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. மழையில் பஸ் இருந்திருக்காது. அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

இன்றும் வரவில்லை. அக்காவின் மருமகனைக் கூப்பிட்டேன். “அத்த நேத்து மத்தியானமே கிளம்பியாச்சே!”

சேதி எப்படியோ பரவி, குழுவில் யாரோ: ‘பறவை பறந்தாச்சு.’ அந்த ஆளை வெளியேற்றினேன். ஆனால் எனக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. அவள் இடத்தில் நானாக இருந்தால் திரும்பி வருவேனா? கடையைப் பூட்டினேன். திறந்தேன். பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

ஷாகுல் அண்ணன் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே ஞானதாஸ் அண்ணன், “அவ வரல்ல இல்லியா?”

“ஆமா அண்ணா.”

“வராட்டியும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். எங்க இரிக்கான்னு மட்டும் தெரியணும். நல்லாயிரிக்கான்னு தெரியணும்.” அப்புறம் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.

ஷாகுல் அண்ணன் வெளியே வந்து மெதுவாக, “நான் நிக்கேன். என்னப் பத்தி யோசிக்காண்டாம். நாளைக்கும் வரல்லன்னா போலீசுல சொல்லுவோம்.”

ஜூன் 17, செவ்வாய்

அக்கா வீட்டில் இருந்தபோதே போன். இனயத்திலிருந்து. அக்காவின் அண்ணன் வீடு, கடற்கரையில்.

“மக்கா, நான்தான். பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போ இனயத்துக்குப் போற வண்டி வந்துது. ஏறிட்டேன். ஏன் ஏறுனேன்னு தெரியல்ல. வந்து பாயில கெடந்ததுதான். நேத்து முழுக்க நான் எழும்பவே இல்ல. போன்ல சார்ஜும் இல்ல. இவரு தின்னாரா? ஏசுனாரா? இப்ப கிளம்புதேன்.”

எனக்கு அழுகையும் கோபமும். போனை ஞானதாஸ் அண்ணன் கையில் கொடுத்தேன். அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: “வரண்டாம். நாளைக்கும் அங்கயே கெட. இஞ்ச ஆளு உண்டு.”

பிறகு கஞ்சி கேட்டார்.

ஜூன் 19, வியாழன்

மழை விட்டிருக்கிறது. புதுப் பதிவு போட்டேன்: படுக்கையில் உள்ளவர்களோடு மாதத்தில் ஓரிரு நாள் தங்க ஆண்கள், பெண்கள் தேவை. பார்த்துக்கொள்கிறவர்களும் மனிதர்கள்தான். வழக்கம்போல் கும்பிடும் கைகள். ஒரே ஒரு பெண் மட்டும், ‘என்ன செய்யணும் அக்கா?’ பிந்துவின் நம்பரைக் கொடுத்தேன்.

பதினொரு மணிபோல், நான் அவள் வீட்டில் இருக்கும்போது, அக்கா வந்து இறங்கினாள். கருவாட்டுப் பொதியை என்னிடம் தந்துவிட்டு முற்றத்திலேயே நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. ஷாகுல் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, பார்க்காதது போல ஒதுங்கினார்.

உள்ளேயிருந்து குரல்: “ஏட்டி, நல்லா உறங்குனியா?”

“உறங்குனேன்.”

“செரி. உள்ள வா. பிள்ளைக்க படத்தக் காட்டு.”