தட்டின் மேல் ஒரு கை

ஜூன் 4, வியாழன்

கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமே இல்லை. வந்த ஒரே பெரியவர், நான் எந்த லென்ஸை மாற்றிப் போட்டாலும் "நல்லாத் தெரியுதும்மா" என்றார். என் மனம் நோகக் கூடாதாம். திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் உண்மையை வாங்கினேன். கீழ் வரிசையில் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் மாப்பிள்ளையோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையாம்! இன்னும் நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் என் வாய் பழகிவிட்டது. இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, அவர்கள் நாட்டிலிருந்து அவருடைய அம்மா வருகிறார். நம் வீட்டில் மதியச் சாப்பாடு. எல்லாம் பிடித்திருந்தால் தேதி குறிப்போம். கல்யாணம் ஆனதும் இவள் அங்கே போய்விடுவாள்.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

அவர்கள் வீட்டுப் பழக்கங்களை மகள் இன்று எனக்குப் பாடம் எடுத்தாள். "அங்க ஒரு தடவதாம்மா கேப்பாங்க. தட்டு மேல கைய வெச்சு மூடினா போதும்னு அர்த்தம். அதுக்கு மேல யாரும் வற்புறுத்த மாட்டாங்க."

"ஏன் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொன்னா சமைச்சவங்கள குறை சொன்ன மாதிரி. அதே மாதிரி, தட்டுல விழுந்துட்டா மிச்சமும் வைக்க மாட்டாங்க."

சரி, அவர்கள் வழக்கம் அவர்களுக்கு. ஆனால் என் பெண்? "வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டுகிறவள் இவள். முதல் தடவை கேட்டு எதையும் வாங்கியதே இல்லை. ஒரு தடவை கேட்டுவிட்டுப் பாத்திரத்தை மூடிவிடுகிற வீட்டில் இவள் கதி என்ன? மொழி தெரியாது, குளிர் ஒத்துக்கொள்ளாது என்று எத்தனையோ பயம். எல்லாம் கடைசியில் இவள் வயிற்றில்தான் வந்து நிற்கிறது.

இவரிடம் சொன்னேன். "பசிச்சா தானா கேப்பா. உன் பொண்ணு வாய் சும்மா இருக்குமா?" என்று சிரிக்கிறார். இவர் மட்டும் என்னவாம். இவர் "போதும்" என்றால் இன்னும் ஒரு கரண்டி என்று பொருள்.

ஜூன் 13, சனி

ஒரு தடவைதான் கேட்க வேண்டும். ஒரு தடவைதான். ஞாபகம் வைத்துக்கொள்.

ஜூன் 14, ஞாயிறு

கடவுளே, அந்த அம்மாவைக் காப்பாற்று. வேறெதுவும் கேட்க மாட்டேன்.

ஜூன் 15, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா சிரித்த முகம். சாதம், பொரியல் என்று எதை எடுத்துப் போனாலும் ஒரு தடவைதான் கேட்டேன். எனக்கே என்மேல் பெருமை. கடைசியில் இனிப்பு. மேலே முந்திரியை நெய்யில் வறுத்துப் போட்டிருந்தேன். மாப்பிள்ளை கை கழுவ எழுந்து போயிருந்தார். அந்த அம்மா கிண்ணத்தைக் கையால் மூடினார்.

மகள் சொன்னது தெரியும். தெரிந்தும் என் கை தானாகப் போயிற்று. "அட, ஒரே ஒரு கரண்டி சம்பந்தி! நான் செஞ்சது" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து விலக்கிவிட்டு வைத்தேன். எத்தனை பேர் கையை இப்படி விலக்கியிருப்பேன்! அவர் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாப்பிட்டார், துளிகூட மிச்சமில்லாமல்.

கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. கழுத்தைப் பிடித்துக்கொண்டார். மூச்சு விசில் மாதிரி வந்தது. பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் மகள், "சொன்னேனேம்மா! நான் சொன்னேனே!" - அதையேதான்.

மருத்துவர் ஊசி போட்டிருக்கிறார், தீவிர சிகிச்சையில் வைத்திருக்கிறார். "தொண்டை ரொம்ப வீங்கியிருக்கு. பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்கிறார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை.

அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? நான்தானே... ஐயோ, என்னத்தப் பண்ணி வெச்சேன். ஊட்டி விட்டுக் கொல்லுவாங்களா யாராவது?

ஜூன் 16, செவ்வாய்

மூச்சு சீராகிவிட்டது. ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்டதும் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகளிடம் கற்ற தமிழில் மெதுவாகப் பேசினார். "அம்மாவுக்கு முந்திரி ஆகாது. எனக்குத் தெரியும். கையால மூடிடுவாங்க, அதோட முடிஞ்சதுன்னு இருந்துட்டேன். எங்க ஊர்ல அந்தக் கைய யாரும் எடுக்க மாட்டாங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். கடைசி வரிதான் குத்திக்கொண்டே இருக்கிறது. அவருடைய அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். போக பயமாக இருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாரோ? மகள் என்னோடு இன்னும் பேசவில்லை.

ஜூன் 18, வியாழன்

போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார்.

"ஆகாதுன்னு தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டீங்க?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

சின்ன வயதில் ஒரு தடவை உதடு தடித்ததாம், அவ்வளவுதானாம். "பொறுத்துக்கலாம்னு நெனச்சேன். அவ்வளவு ஆசையா வெச்சீங்க." பிறகு கேட்டார்: "நான் கையால மூடினேனே. நீங்க ஏன் எடுத்தீங்க?" கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எங்க வீட்டுல முதல் தடவ கேட்டா எல்லாரும் வேண்டாம்னுதான் சொல்லுவோம். வேணும்னாலும் சொல்லுவோம். திரும்பத் திரும்பக் கேட்டு வெச்சாத்தான் மரியாதை."

அவர் விடவில்லை. "அப்ப நெஜமாவே வேண்டாம்னா என்ன செய்வீங்க?"

தெரிந்ததைச் சொன்னேன். "சாப்பிட்டுடுவோம்."

மாப்பிள்ளை சொல்லி முடித்ததும் அந்த அம்மா சிரித்தார் பாருங்கள்! சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது, நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.

ஜூன் 21, ஞாயிறு

ஊருக்குப் போகுமுன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவேன் என்று வந்துவிட்டார். வெறும் சாதமும் பருப்பும். ஒவ்வொரு டப்பாவையும் இரண்டு தடவை திறந்து பார்த்துச் சமைத்தேன். வேர்த்துக் கொட்டியது. இரண்டாவது கரண்டிக்கு அவர் தட்டின் மேல் கை வைத்தார். கரண்டியைத் திருப்பிப் பாத்திரத்தில் போட்டேன். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பரில் கல்யாணம்.

நவம்பர் 8, ஞாயிறு

மகள் அங்கே போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. தினமும் "சாப்பிட்டியா?" என்று கேட்பேன், "ம்" என்பாள். அந்த "ம்"மை நான் நம்பியதில்லை. அரை வயிறும் கால் வயிறுமாகக் கிடக்கிறாளோ என்றுதான் தினமும் படுக்கப் போனேன். இன்று விடாமல் கேட்டுவிட்டேன்.

"ஐயோ அம்மா, எனக்கு இங்க பழைய துணி ஒண்ணும் பத்தல! அத்தை விட்டாத்தானே? முதல் தடவ நான் வேண்டாம்னா காதுலயே வாங்கறதில்ல. ரெண்டாவது தடவ மூஞ்சியப் பாக்கறாங்க. மூணாவது தடவ கரண்டி தட்டுல இருக்கு. குளிக்கப் போறியான்னுகூட மூணு தடவ கேக்கறாங்க."

"நெஜமாவே வேண்டாம்னா?"

"கையால மூடிடுவேன். உடனே விட்டுடுவாங்க."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு இவருக்குச் சோறு போட்டேன். "இன்னும் கொஞ்சம்?" என்றேன். "போதும்" என்றார். பாத்திரத்தை மூடினேன்.

"அடிப்பாவி, இன்னொரு தடவ கேக்க மாட்டியா?"

தட்டைப் பார்த்தேன். அதன் மேல் கை இல்லை. வைத்தேன்.