உங்கள் வயிற்றில் துடித்தது

அப்பா,

மதுரை ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இருப்பது உங்கள் மகன். நீங்கள் போனபோது தொட்டிலில் கிடந்த தம்பிக்கு இப்போது அறுபது வயது. விடியும்போது நடுமுதுகு வலிக்கிறது என்றான். உடனே காரை வரச்சொல்லிவிட்டேன். "மயங்கி விழுந்தாரா பாட்டி? வலி வந்து எவ்வளவு நேரமாச்சு? யூரின் போனாரா?" என்று இளம் டாக்டர் கேட்டார். அன்று தூத்துக்குடி டாக்டரிடம் உங்களுக்காக நான் பதில் சொன்ன அதே கேள்விகள்.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. சங்கு குளிக்கப் போய்த் திரும்பிய மறுநாள், முதுகு பிடித்துக்கொண்டது என்றீர்கள். உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். காலைப்பொழுதில் பாதி அதிலேயே போயிற்று. உங்களைப் புரட்டிப் படுக்க வைத்தபோது தொப்புளுக்கு மேலே என் உள்ளங்கை பட்டது. உள்ளே ஏதோ நெஞ்சைப் போலத் துடித்தது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லக்கூட நா எழவில்லை.

பிறகு எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தீர்கள். நம் ஆலந்தலையில் அப்போது கார் ஏது? மாட்டுவண்டி குலுக்கினால் தாங்கமாட்டீர்கள் என்று சித்தப்பா வள்ளத்தைக் கடலில் இறக்கிப் பாய் விரித்தார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு கரையில் நின்றாள். தூத்துக்குடி வரை உங்கள் தலை என் மடியில் கிடந்தது. கால்கள் சில்லிட்டன. சேலைத் தலைப்பால் மூடியும் சூடு ஏறவில்லை.

அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை ஒருமுறைதான் தொட்டார். பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடித்துவிட்டதாம். ரத்தம் முதுகுப் பக்கம் கசிந்து அங்கேயே அடைபட்டதால்தான் அவ்வளவு நேரம் உயிர் தங்கியதாம். "வெள்ளனவே வந்திருந்தாலும் தைக்க எங்ககிட்ட வழியில்லம்மா" என்றார். நான் நம்பவில்லை. என் ஒத்தடம்தான் உங்களைக் கொன்றது என்றே இத்தனை வருஷமும் நினைத்து வந்திருக்கிறேன்.

சற்றுமுன் இளம் டாக்டர் வெளியே வந்தார். தம்பிக்கும் அதே ரத்தக்குழாயில் கசிவாம்; செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தாயிற்றாம். பிரஷர் விழுமுன் கொண்டுவந்தது நல்லதாம். சிறுநீரகம் தாங்குகிறதா என்று இரண்டு நாள் பார்க்க வேண்டுமாம். கைகூப்பினேன். சந்தோஷப்படத் துணிவு வரவில்லை.

அன்று வள்ளம் தூத்துக்குடித் துறைமுகத்தை நெருங்கும்போது நீங்கள் கண் திறந்தீர்கள். "ஏளா, பயப்படுதியா?" என்றீர்கள்.

"இல்லப்பா" என்றேன்.

அது பொய், அப்பா. பயமாக இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இரண்டு பேரும் சேர்ந்தே பயந்திருக்கலாம்.