கடல் பக்கம்

04.09.2025, வியாழன்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மழை வேறு. நனைந்துகொண்டு சுபோ வீட்டுக் கதவைத் தட்டினால், திறக்கிறவள் நிஷாந்தினி. மேல்மாடிக்காரி, நாற்பது வயதுகூட இராது. எந்த அலுமாரியில் எந்தக் கோப்பை என்று தெரிந்துவைத்துக்கொண்டு வீடெல்லாம் உலாவுகிறாள். "இருங்கோ அக்கா" என்று எனக்கே கதிரை காட்டினாள்.

சுபோதினியை எனக்கு முதலாம் வகுப்பிலிருந்து தெரியும். இவள் அந்த மாடிக்கு வந்தது கொரோனாவுக்குப் பிறகு.

போன சனிக்கிழமை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன சுபோ திரும்பவில்லை. திங்கட்கிழமை கனத்தை மயானத்தில் எரித்தாயிற்று. ஆனால் எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது. சீ, என்ன மனுஷி நான்?

05.09, வெள்ளி

நாளைக்கு எட்டுச் செலவு. கணவாய் மீன் வாங்கியாயிற்று. சுபோவுக்குப் பிடித்ததை என்னைவிட யார் சமைப்பது?

06.09, சனி

செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைப்பதுதான் எட்டுச் செலவு. விடியற்காலையில் எழும்பிக் கறி வைத்துக் கொண்டுபோனேன். தலைவாழை இலையில் சோறு, நண்டு, என் கணவாய்க் கறி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நிஷாந்தினி ஒரு கடதாசிப் பையோடு வந்து, கணவாய்க்குப் பக்கத்தில் மாலு பாண் இரண்டை எடுத்து வைத்தாள். பேக்கரியில் விற்கிற மீன் பணிஸ்! படையலில்!

"என்ன பிள்ளை இது? அவளுக்குச் சீனி வருத்தமெல்லோ?"

"விடிய நடந்துபோட்டு நாங்கள் ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் சாப்பிடுறனாங்கள் அக்கா. உங்களிட்டை மட்டும் சொல்லவேண்டாமெண்டு சொன்னவா."

சுபோவின் மகள் நிருஷா அத்தனை துக்கத்திலும் சிரித்துவிட்டாள். "ஓம் அன்ரி. அம்மாவுக்கு உங்களைக் கண்டால் பயம்."

பயமா? தினமும் காலையில் நான் போன் எடுத்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். "ஓட்ஸ்" என்பாள். வாய்க்குள்ள மாலு பாணை வைச்சுக்கொண்டோ சொன்னனீ? என்னோட சிரிக்க ஏலாதெண்டு அவளோட போய்ச் சிரிச்சனியோ? நான் உன்ரை நன்மைக்குத்தானேடி சொன்னனான்!

கணவாய் மிஞ்சிவிட்டது. மாலு பாண் மிஞ்சவில்லை.

12.09, வெள்ளி

கோயிலுக்குப் போய்விட்டு நிருஷாவைப் பார்க்கப் போனேன். படியில் நிஷாந்தினி மறித்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கவேணும். மெரின் டிரைவில நடக்கேக்கை சுபோ அக்கா எப்பவும் என்னைக் கடல் பக்கம் விட்டுட்டு, தான் கடைப் பக்கம்தான் வருவா. ஏனெண்டு தெரியுமோ?"

தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

"தெரியாது பிள்ளை" என்றேன்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வீடுகள் எரிந்தன. முகாமில் இருந்த எங்களைச் சரக்குக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். அவளுக்கும் எனக்கும் பத்து வயது. தண்ணீரைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. நான் கடல் பக்கமாக இருந்து மறைத்துக்கொண்டேன். காங்கேசன்துறை வரும்வரை என் கையை விடவில்லை. கொழும்புக்குத் திரும்பிய பிறகும், காலிமுகத்திடலில் நடந்தால் கடல் பக்கம் நான்தான். "ஒருத்தரிட்டையும் சொல்லாதை ஜெகா" என்றாள். கட்டினவருக்கும் சொல்லவில்லை. உப்புக் காற்று ஒத்துக்கொள்ளாது என்று சாட்டுச் சொல்லி, கடலைப் பார்த்த யன்னலைப் பூட்டியே வைத்திருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது ஒரே சந்தோஷம். மாலு பாண் உனக்கு, நிஷாந்தினி. இது எனக்கு.

24.09, புதன்

நிருஷா போன் எடுத்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் அஸ்தி கரைக்க வேண்டும். "வெள்ளவத்தைக் கடலிலேயே கரைப்பம் அன்ரி. அம்மா ஒவ்வொரு நாளும் நடந்த இடம்தானே. நிஷாந்தினி அக்காவும் அதுதான் நல்லமெண்டு சொன்னவா."

நிஷாந்தினி சொன்னவளாம்! வந்த கோபத்தில், சரி பிள்ளை என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. கடலிலா? சுபோவையா?

சொன்னால் தடுக்கலாம். சொல்லாதே என்று அவள் வாங்கின சத்தியம் என்னாவது? — சத்தியமாம், சத்தியம். யாரை ஏய்க்கிறாய் ஜெகதீஸ்வரி? சொன்னால் நிஷாந்தினிக்கும் தெரிந்துவிடும். அதுதானே உன் வயிற்றெரிச்சல்? அதுக்காக அவளைக் கொண்டுபோய்க் கடலில விடுவியோ?

25.09, வியாழன்

போய்ச் சொல்லிவிட்டேன். நிருஷா, அவள் தகப்பன் இரத்தினசிங்கம், நிஷாந்தினி, மூவரும் இருந்தார்கள். நிஷாந்தினியை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்ததும் உண்மை.

இரத்தினசிங்கம் எழுந்து போய்ப் பூட்டிய யன்னலுக்கு முன்னால் நின்றார். "உப்புக் காத்தெண்டுதானே சொன்னவ" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நிஷாந்தினி விக்கி விக்கி அழுதாள். அழுவதிலும் என்னை முந்திக்கொண்டாள்.

களனி கங்கையில் கரைப்பது என்று முடிவாயிற்று.

"ஆறும் கடைசியில கடலுக்குத்தானே போகும்?" என்று இரத்தினசிங்கம் கேட்டார்.

"மெல்லப் போகட்டும் அண்ணை" என்றேன்.

29.09, திங்கள்

கரைத்தாயிற்று. தண்ணீர் கலங்கலாக, அலை இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பயந்திருக்க மாட்டாள்.

11.10, சனி

நேற்று சுபோ வீட்டுக்குப் போனேன்; மழை விடவில்லை. நிருஷா மறித்து அங்கேயே தங்கவைத்துவிட்டாள். விடியக் கதவு தட்டிக் கேட்டது. நிஷாந்தினி, சப்பாத்தும் போட்டுக்கொண்டு.

"நடக்க வாறீங்களோ அக்கா?"

மனமில்லாமல்தான் போனேன். மெரின் டிரைவில் இறங்கியதும் தோளோடு தோள் இடித்தது. விலகி நடந்தேன். கொஞ்சத் தூரத்தில் மறுபடியும் இடித்தது. பார்த்தால், அவளும் கடல் பக்கம் போகிறாள், நானும் கடல் பக்கம் போகிறேன்.

"நீங்கள் அங்கால வாங்கோவன்" என்று கடைப் பக்கத்தைக் காட்டினாள்.

"நீ போவன்."

அவளும் போகவில்லை, நானும் போகவில்லை. கடைப் பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் சும்மா கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கம் ஒருவரை ஒருவர் நெரித்துக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம்.

திரும்பி வரும்போது மாலு பாண் வாங்கித் தந்தாள். ருசியாகத்தான் இருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை.