ஒரு கண் மூடாத நாட்கள்

என் பிரியமுள்ள அக்கா,

நீ போனபிறகு உன்னோடு பேச எனக்குத் தெம்பே இருந்ததில்லை. இன்றும் பெரிதாக இல்லை. ஆனால் இது உன் மகள் பவளத்தைப் பற்றிய சேதி. உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

மழைக்காலத்தில் ஒரு காலை வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாக ஒழுகிச் சேலையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி தொங்கிக் கிடக்கிறது. புருவம் உயரவில்லை, கண் மூடவில்லை. ரயில் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "ஐயோ, வாய் கோணிக்கிச்சே புள்ள!" என்று ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

வெள்ளைக்கார டாக்டர் என் கையையும் காலையும் தூக்கச் சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னதை, கூட நின்ற மருந்து கட்டும் டிரெசர் தமிழில் சொன்னார்: "பக்கவாதம் இல்லம்மா. மொகத்து நரம்புதான் வீங்கியிருக்கு. தானா சரியாவும், ஆனா மெதுவாத்தான். படுக்கறப்போ அந்தக் கண்ணைத் துணியால கட்டிக்குங்க."

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? அதை யாரும் சொல்லவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் காத்து கருப்பு என்றார்கள். மறுக்கக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது. உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். சோறு கன்னத்துக்குள் தங்கிவிடும், விரலால் எடுப்பேன். உதட்டைச் சேர்க்க முடியாததால் 'ப' வராது, 'ம' வராது. பவளம் என்று கூப்பிட்டால் வெறும் காற்று வரும்.

அவளும் வரமாட்டாள், அக்கா. நீ போனது முதல் என்னோடு இருந்து, என் வயிற்றைக் கட்டிக்கொண்டு தூங்கியவள் பாயைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். உனக்கும் எனக்கும் ஒரே முகம் என்று எல்லாரும் சொல்வார்களே. பிள்ளைக்கு மிச்சமிருந்த அந்த முகத்தையும் நான் கெடுத்துக்கொண்டேனே என்று நினைத்தேன்.

கிள்ளானிலிருந்து அத்தான் வந்தார். அவர் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார். உனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. "புள்ள மிரளுது, தெய்வானை. ஒனக்குச் சரியாவுற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி வாதாடுவது? அவர் விரலைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அழக்கூட என் முகம் ஒழுங்காக வளைந்து கொடுக்கவில்லை.

அதன்பிறகு சமைத்தேன், துவைத்தேன், ஒத்தடம் போட்டேன், அவ்வளவுதான். ஒருநாள் வெங்காயம் அரியும்போது இடது புருவம் துடித்தது. பிறகு இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கண் முழுதாக மூடியதும், வாய் நேராகும்வரை காத்திராமல் கிள்ளானுக்கு ரயிலேறிவிட்டேன்.

அத்தானின் மனைவி நல்ல பெண். "வாங்கக்கா, புள்ள ஒங்க பேச்சுதான் பேசிக்கிட்டிருக்கு" என்று பெஞ்சில் உட்காரவைத்தாள். பவளம் கதவுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள்.

"சின்னம்மா, தூங்கிக் காட்டு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் கண்ணை மூடினேன். சின்ன விரல் ஒன்று என் இடது இமையைத் தொட்டுப் பார்த்தது.

"மூடியிருக்கு" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அம்மா செத்தப்போ கண்ணு தொறந்தே இருந்துச்சு. நீ மத்தியானம் தூங்கறப்போவும் அப்படித்தான் இருந்துச்சு. நீயும் செத்துருவேன்னு நெனச்சேன்."

பகலில் நான் துணி கட்டிக்கொண்டதில்லை, அக்கா. என் கோணல் முகத்துக்குத்தான் பயப்படுகிறாள் என்று இருந்துவிட்டேன். சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும் என்று உன் கடைசி நாளில் அவளைக் கட்டிலோரத்திலேயே விட்டிருந்தோம். நீ எங்கே போனாய் என்று அவளிடம் யார் உட்கார்ந்து பேசினோம்?

அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் என் மடியில் சாய்ந்துகொண்டு, "அம்மா கண்ணை யாரு மூடுனா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

"கையாலயா?"

"ஆமா, கையால."

கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தூங்கிப்போனாள்.

களைத்த நாட்களில் வாய் இன்னும் இடது பக்கம் சற்றுத் தளர்ந்துபோகிறது. அது போகட்டும். அவள் உன்னைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், எவ்வளவு அசதியாக இருந்தாலும், உட்கார்ந்து பதில் சொல்வேன். நீ வாழ்ந்ததையும் சொல்வேன், செத்ததையும் மறைக்காமல் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு பிறந்தவள், உன் பிள்ளைக்குச் சின்னம்மா,
தெய்வானை