செவ்வாய்க்கிழமை உறுதிமொழி

சின்னக்காட்டுப்பாளையம்,
காங்கேயம் வழி.
புதன்கிழமை மத்தியானம்.

ராமாமணிக்கு சுப்பாத்தாள் எழுதுவது.

கடிதம் என்றால் முதலில் ‘அன்புள்ள’ என்று போட வேண்டும் என்று அஞ்சாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு அதைப் போட எனக்கு மனசில்லை. நீ சத்தியமங்கலத்தில் உன் அண்ணன் வீட்டில் மகள் நவ்யாவோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். அங்கே நீ சுகமாக இரு. இங்கே நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

தேங்காய் லோடு கொண்டுபோன ராசப்பன்தான் உன்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொன்னான். அவனைக் கண்டதும் முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு திரும்பி நின்றாயாமே. இருபத்திரண்டு வருஷம் என் சுவருக்கு மறுசுவர் குடியிருந்தவள், ஊர்க்காரனைக் கண்டு திருடி மாதிரி மறைந்து நிற்பதா? போனையும் அணைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் காகிதம். மருமகள் லோகப்பிரியா, தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். என் கோபத்தை இன்னொருத்தி கையெழுத்தில் அனுப்புவேனா நான்? எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படி.

போன வியாழக்கிழமை விடிகாலையில் உன் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியதைப் பார்த்தேன். பூட்டைப் பார்த்ததும் நான் முதலில் எங்கே ஓடினேன் தெரியுமா? தோட்டத்துக் கிணற்றுக்கு. ஐம்பத்தேழு வயசில், வேலிமுள் கிழித்தது தெரியாமல் ஓடினேன். கிணற்றுமேட்டில் உன் செருப்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது. அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

அதற்கு முந்தின நாள் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன். என் கையால் எழுதி நானே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

நாம் ஐந்து பேரும் குழுவாகச் சேர்ந்து வாங்கின கடனுக்கு நீ தொடர்ந்து மூன்று வாரம் தவணை கட்டவில்லை. கடன் கம்பெனியிலிருந்து வரும் அந்த மனோஜ்குமார் தம்பி என்னிடம் வந்தான். வந்து என்ன சொன்னான் தெரியுமா? “ஏனுங் அம்மணி, நாங்க அவங்க ஊட்டு வாசல்ல உக்காந்தா சட்டப்படி தப்புங்க. நீங்க குழுத் தலைவிங்க. நீங்க நாலு பேரும் போயி வாசல்ல கொஞ்ச நேரம் உக்காந்தீங்கன்னா போதுமுங்க. பேசக்கூட வேண்டாமுங்க. இல்லீன்னா உங்க நாலு பேருக்கும் அடுத்த லோன் வராதுங்க” என்றான். ஒரு ‘ங்க’ குறையவில்லை. கத்தி வைக்கும்போதும் எங்கள் ஊரில் மரியாதையாகத்தான் வைப்பார்கள் போலிருக்கிறது.

அவன் சொன்னான், நான் கேட்டேன். அவனை மட்டும் வைது என்ன பிரயோசனம்? உட்கார்ந்தது நான்தானே. காலை எட்டு மணிக்கு மெர்சியையும் மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து உன் வாசலில் சம்மணம் போட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். நீ உள்ளேயிருந்து வந்தாய். அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. நாலு டம்ளரில் மோர் கரைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, “வெயில்ல உக்காந்துட்டீங்களே அக்கா, குடிங்க” என்று வைத்தாய்.

நான் தொடவில்லை. கை நீட்டிய மெர்சியையும் முறைத்தேன். ஒரு வீட்டுக்குப் போய் அவர்கள் கொடுக்கும் தண்ணீரைத் தொடாமல் வருவது நம் பக்கம் எதற்குச் சமம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அதோடு விட்டேனா? தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். “நாலு வருசத்துல நானு ஒரு வாரம் தவணை தவறுனதில்ல. காச்சல்ல கெடந்தப்பவும் எங்கூட்டுக் காசு போய்ச் சேந்துச்சு. வாங்கத் தெரிஞ்சவளுக்குக் குடுக்கவும் தெரியோணும்” என்றேன். நீ மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் பேசவில்லை? நான் கேட்பது அதைத்தான். ஏன் வாயைத் திறக்கவில்லை?

பகல் மூன்று மணிக்குப் பழைய சாமான் கடை சஹீர் பாயின் டெம்போ வந்தது. கோயமுத்தூர் போய் நீயே பார்த்து வாங்கின கிரைண்டர். அந்தக் கடனில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். அதை வைத்து மாவரைத்து விற்றுத்தான் நவ்யாவைப் பத்தாவது வரைக்கும் கொண்டுவந்தாய். விற்பதற்கு முன்னால் கல்லைக் கழுவி, துணியால் துடைத்து, பிள்ளையை அனுப்புவது மாதிரி ஏற்றிவிட்டாய். வந்த பணத்தை என் மடியில் வைத்தாய். நான் எண்ணினேன். உன் கண் முன்னாலேயே எண்ணினேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை, குழுக் கூட்டம். எப்போதும் போல நான்தான் உறுதிமொழி படித்தேன். அஞ்சாவது படித்தவள் நான் ஒருத்திதானே, நான் படிக்கப் படிக்க நீங்கள் எல்லாம் திருப்பிச் சொல்வீர்கள். “எங்களில் ஒருவருக்கு இயலாதபோது மற்றவர் கைகொடுப்போம்” என்கிற இடம் வந்தது. படித்து முடித்துவிட்டு, ஊரைவிட்டு ஓடினவளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். அப்போதுதான் மெர்சி எழுந்தாள். அந்தப் பெண் என்னை எதிர்த்து என்றைக்குப் பேசியிருக்கிறாள்? “போதுமுங்கக்கா. உங்களுக்குச் சிக்குன்குனியா வந்து படுத்திருந்த மூணு வாரமும் உங்க தவணையக் கட்டுனது ராமாமணியக்காதானுங்க. சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டாங்க. அதுக்குன்னு வெள்ளிக்கிழமை வசூலுக்கு வர்ற இன்னொரு கம்பெனியில வேற கடன் வாங்குனாங்க. அதக் கட்டத்தான் இத விட்டுப்போட்டாங்க” என்றாள்.

மனோஜ்குமார் தம்பி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் முன்பே தெரியும்.

வீட்டுக்கு வந்து லோகப்பிரியாவைக் கேட்டேன். “நீங்க முன்னாடியே குடுத்து வெச்சிருப்பீங்கன்னு நெனச்சனுங்க அத்தை” என்கிறாள். நான் அவள் கட்டினாள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று நான் இருந்தேன், அவள் கேட்கப் பயந்துகொண்டு இருந்தாள்.

யாரைக் கேட்டு என் தவணையை நீ கட்டினாய்? எனக்கு வக்கில்லை என்று நினைத்தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், காய்ச்சல் விட்ட மறுநாளே மோதிரத்தை வைத்தாவது திருப்பிக் கொடுத்திருப்பேன். சொல்லாமல் கட்டினாய். சொல்லாமல் கடனை ஏற்றிக்கொண்டாய். கடைசியில் உன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, உன் காசை வைத்தே நான் பெருமையடிக்க, அதையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு நின்றாய். நாலு வருஷமாக அந்த உறுதிமொழியைப் படித்தது நான். அதன்படி நடந்தது நீ. படித்தவளை இப்படி ஒரு முட்டாளாக ஆக்குவதற்கு உனக்கு என்ன உரிமை?

கம்பெனிக்காரர்கள் கோயமுத்தூரில் மண்டபம் பிடித்துச் ‘சிறந்த தலைவி’ என்று எனக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மேடையில் ஒருவர், கிராமத்து வறுமையைப் பெண்கள் ஒழித்துவிட்டார்கள் என்று அரை மணி நேரம் பேசினார். அந்தக் குடத்தில் இப்போது மாட்டுக்குத் தவிடு கரைக்கிறேன். மனோஜ்குமார் தம்பியிடமும் சொல்லிவிட்டேன். “இனி எவ வாசல்லயும் உக்கார மாட்டேன். ராமாமணி தவணைய அவ வர்ற வரைக்கும் நாங்க நாலு பேரும் பங்கு போட்டுக் கட்டறோம். உங்க காயிதத்துல அப்படித்தான எழுதியிருக்குது” என்றேன். “நல்லதுங் அம்மணி” என்று அதையும் குறித்துக்கொண்டான். அவனுக்கு யார் கட்டினால் என்ன.

இன்னொரு விஷயம். என் மயிலைக் கிடாரிக் கன்றை இன்று விடிகாலையில் விற்றுவிட்டேன். பேத்தி ரித்திகா அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனாள், அது வேறு. அந்தப் பணத்தோடு நேராகப் பாய் கடைக்குப் போனேன். கிரைண்டர் விற்காமல் இருந்தது. “அந்தம்மா கழுவித் தொடச்சுக் குடுத்தாங்க, உடனே விக்க மனசு வரலீங்க” என்று சொல்லி, உன்னிடம் வாங்கின விலைக்கே பாய் கொடுத்தார். இப்போது அது என் மாட்டுக் கொட்டகையில், சாக்குப் போட்டு மூடி நிற்கிறது. உனக்காகச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஊரில் ஒரு வாரமாக நல்ல மாவு இல்லை. கடை மாவில் சுட்ட இட்லியை எறிந்தால் நாய்க்கு மண்டை உடையும்.

நவ்யாவுக்குப் பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது என்று ரித்திகா சொன்னாள். இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. பக்கத்து இடத்தில் யாரையும் உட்காரவிடாமல் பையை வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம் பிள்ளை. பெரியவர்கள் செய்த கேட்டுக்கு அந்தப் பெண் படிப்பை விடக் கூடாது. உனக்கு என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இந்த ஒன்றை யோசி.

இந்தக் காகிதத்தைக் கொண்டுவரும் ராசப்பனின் வண்டி வெள்ளிக்கிழமை அங்கிருந்து காலியாகத் திரும்பும். சாமானோடு ஏறிக்கொள். சாவி போடும்போது தெருவில் எவராவது ஏதாவது கேட்டால், சுப்பாத்தாள் வரச்சொன்னாள் என்று சொல். அதற்கு மேல் கேட்கிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். அரிசியும் உளுந்தும் அன்று மத்தியானம் ஊறப்போட்டு வைப்பேன். நீ வராவிட்டால் அவ்வளவும் வீணாகப் போகும், சொல்லிவிட்டேன்.

அன்று நீ வைத்த நாலு டம்ளரும் உன் வாசலிலேயே கிடந்தன. எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். வந்ததும் வேறெதுவும் பேச வேண்டாம். அந்த டம்ளரில் ஒன்றை எடுத்து, மோர் கரைத்து என்னிடம் கொடு. நான் உன் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். நீ தரும் வரைக்கும் எழுந்து போக மாட்டேன்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள்