இணைப்புக் கதவுக்குக் கார்பன் தோல்

நிலவுக் கூடம், பணிமனைக் குறிப்பேடு
எழுதுவது: இசக்கிமுத்து

நாள் 212, 08:05
விண்கல் பட்டு இணைப்புக் கதவில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். பசை அடைத்துக் கசிவை நிறுத்தினேன். மேலே மூன்று அடுக்கு கார்பன் துணி ஒட்ட வேண்டும். உள்ளே நான்கு பேர், நலம். வண்டியோட்டி ஜெசிந்தா அக்கா மட்டும் வெளியே, பாறை எடுக்கப் போன வண்டியில். அவர் உள்ளே வர இந்த ஒரு கதவுதான்; வண்டி இதில் முட்டிப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

09:10
துணியில் ரெசின் பசை தடவி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஓரமெல்லாம் நாடா ஒட்டி, குழாயை வெளி வால்வில் மாட்டினேன். உறைக்குள் இருந்த காற்று நிலவுக்குப் போயிற்று. கூடத்தின் காற்று துணியைக் கதவோடு அமுக்குகிறது. குமிழி இல்லை. இறுக ஆறு மணி நேரம். சூடேற்றினால் சீக்கிரம் இறுகும். மின்சாரம் மூச்சுக் கருவிக்கே போதவில்லை. 15:10க்கு முன் வண்டி முட்டினால் கதவு உடையும்.

09:40
ஜெசிந்தா: "ஏல இசக்கி, கதவுகிட்ட வந்துட்டேன். ஒன்றரை மணி வரைக்குந்தான் காத்து இருக்கு. அதுக்குள்ள முடிஞ்சிருமா?"
நான்: "முடிஞ்சிரும்க்கா. நான் சொல்லாம மட்டும் முட்டிராதீங்க."
பொய் என்று தெரிந்தே சொன்னேன். உண்மை தெரிந்தால் முட்டிவிடுவார் என்று பயம்.

12:50
உறையின் ஓரத்தில் சீறல். நாடாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு எழுதுகிறேன்.
ஜெசிந்தா: "ஒரு பாட்டு போடுல. போரடிக்கி."
போட்டேன்.

13:15
ஜெசிந்தா: "இன்னும் கா மணி நேரந்தான். முடிச்சிட்டியால?"
ரேடியோவை அணைத்துவிட்டேன். அவர் மூச்சு முட்டுவதைக் கேட்க என்னால் ஆகாது.

15:10
உறையை உரித்தேன். தட்டினால் கணீரென்கிறது. கமாண்டர் தோளில் தட்டிக் கொடுத்தார். யாரும் அக்கா பெயரை எடுக்கவில்லை.

16:05
உடலை உள்ளே எடுக்க வேண்டும். வண்டியை இங்கிருந்து ஓட்ட ரேடியோ வேண்டும். போட்டேன். பதிவான செய்திகள் வரிசையாக வந்தன.
13:21: "பின்பெட்டியில பழைய சிலிண்டர் ஒண்ணு கெடக்குல! ரெண்டு மணி நேரம் தாங்கும். நீ பதறாம வேலையப் பாரு."
15:14: "இறுகிட்டால? வரட்டா?"
15:22: "ஒரு வார்த்த சொல்லுல."
15:29: மூச்சு மட்டும்.

16:40
வண்டி கொஞ்சம் வேகமாகவே முட்டியது. கதவு அசையவில்லை. திறந்தேன். அக்கா இருக்கையில் இருந்தார், கைகளை மடியில் கோத்தபடி.
முட்டுவதற்கு ஒரு பொத்தான் போதும். அதன் மூடியைக்கூட அவர் திறக்கவில்லை.