மூடியில் வைத்துக் கொடுத்த மாத்திரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று வழக்கமாகக் கேட்பேன். இந்தக் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான். அதனால் தனியாகக் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ பேசி வைத்த பிறகு நான்கு தடவை போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வராது. அதனால்தான் என் கடிதம் வரும்வரை மாத்திரை விஷயத்தில் ஒன்றும் செய்யாதே என்று மகளை விட்டு உனக்குச் செய்தி அனுப்பினேன். பாதியில் கிழித்துப் போட உனக்குத் தோன்றும். கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

நான் வேலை செய்யும் லாட்ஜை மறுபடியும் திறந்துவிட்டார்கள். லாண்டரியில் ஆறு பேர் நின்ற இடத்தில் இப்போது மூன்று பேர். ஒவ்வொரு படுக்கை விரிப்பையும் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் மிஷினில் போட வேண்டும். கையெல்லாம் வெந்துபோகிறது. ஆனாலும் வேலை இருப்பது நல்லதுதான். வீட்டில் இருந்தால் உன் அண்ணனுடைய மேஜையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ரிப்பேருக்கு வந்து பாதி கம்பி சுற்றிய மோட்டார் ஒன்று அப்படியே கிடக்கிறது. அதன் சொந்தக்காரர் வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "இருக்கட்டும்மா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனி எதற்கு அவசரம்?

மகள் போனிலேயே பாடம் படிக்கிறாள். அப்பா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னதற்கு வருகிறேன். "அண்ணி, இந்த அட்டை தீந்ததும் ஸ்டீராய்டு மாத்திர வாங்க வேணாம்னு இருக்கேன். இன்னும் பதினஞ்சு நாளைக்குத்தான் இருக்கு. அது எதிர்ப்புச் சக்தியக் கொறச்சதாலதானே அண்ணனக் கொரோனா கொண்டு போச்சு. எனக்கும் அதே மாத்திரதானே" என்றாய். நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பாப்பா, உன் அண்ணனுக்குக் கொரோனா இல்லை.

ஆஸ்பத்திரியில் எடுத்த சோதனையில் இல்லை என்றுதான் வந்தது. அந்தச் சீட்டு பீரோவில் என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. அந்த நாட்களில் யார் போனாலும் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். நீயும் போனில் அழுதுகொண்டே அதைத்தான் கேட்டாய். நான் ஆமாம் என்றேன்.

மூட்டுவாதத்தால் காலையில் எழுந்தால் அவருக்கு விரல் மடங்காது, உனக்கும் அதே வியாதிதானே, தெரியும். அட்டையிலிருந்து மாத்திரையை அழுத்தி எடுக்க முடியாது. நான்தான் எடுத்துத் தண்ணீர் பாட்டில் மூடியில் வைத்துக் கொடுப்பேன். ஒன்பது வருஷம் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்வார். மாத்திரையால் முகம் ஊதிப்போனதற்கும் என்னைத்தான் கேலி செய்வார். "கல்யாணமாகி இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தான் உன் சமையல் ஒட்டுது" என்பார். ஒரு மணி நேரத்தில் விரல் இளகிவிடும். அப்புறம் மயிர் மாதிரிக் கம்பியை வைத்துக்கொண்டு மோட்டாருக்குள் விளையாடுவார்.

லாட்ஜை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், லாண்டரியில் என்னோடு வேலை செய்யும் அக்காவின் போனில் ஒரு ஆள் பேசிய வீடியோ வந்தது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களைத்தான் கொரோனா முதலில் பிடிக்கும், பிடித்தால் விடாது என்றான். "உன் வீட்டுக்காரரு அதத்தானேடி முழுங்குறாரு, பாத்துக்க" என்றாள் அக்கா. அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொன்னேன். "டாக்டரு படிச்சதெல்லாம் அந்தப் போன்காரன்கிட்டதான் போல. போடி, வேலயப் பாரு" என்று சிரித்தார்.

மூட்டு டாக்டரின் கிளினிக் பூட்டியிருந்தது. ஆனால் மருந்துச் சீட்டில் நம்பர் இருந்தது. நான் கூப்பிடவில்லை. கேட்டால் நிறுத்தாதே என்பார், அப்புறம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று பயம். மகளுக்கு வாங்கிய சத்து மாத்திரையும் அதே அளவு, அதே வெள்ளை. மறுநாள் காலையில் மூடியில் அதை வைத்துக் கொடுத்தேன். அவரும் கவிழ்த்துக்கொண்டார். அன்றைக்கு வேலைக்குப் போகும்போது, தெருவே பயந்துகிடக்க, நான் மட்டும் என் புருஷனைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நடந்தேன்.

நான்கு நாளில் வலி கூடியது. அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. வாந்தி. எழுந்து நின்றால் தலை சுற்றல். கொரோனா வந்துவிட்டதோ என்று பயந்தேன். அப்படியென்றால் அந்த மாத்திரையை நிறுத்தியதே நல்லது என்று நினைத்தேன். பதினோராம் நாள் மத்தியானம் மேஜை மேலேயே சாய்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எள் போட இடமில்லை. உடம்பு முழுக்க பிளாஸ்டிக் உடுப்பு போட்ட சின்ன வயசு டாக்டர் ஓடிவந்து, "ஸ்டீராய்டு எடுக்குறவரா? நடுவுல நிறுத்துனீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன் சொன்னார்: "ஒருநாளும் நிறுத்துனதில்ல சார். என் வீட்டுக்காரி கையாலயே எடுத்துக் குடுப்பா."

நான் அங்கேதான் நின்றேன் பாப்பா. அவர் முகத்துக்கு நேரே எப்படி இல்லை என்பது? டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உள்ளே கொண்டு போனார்கள். அப்புறம் யாரையும் உள்ளே விடவில்லை. வாசலில் இருந்த ஆளிடம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மூன்று தடவை கேட்டேன். விஷயம் என்ன என்று அவன் கேட்டபோது அவனிடமும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது.

போன மாதம் கிளினிக் திறந்ததும் மூட்டு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அடுத்தபடி உனக்குத்தான் சொல்கிறேன். அவர் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். இந்த மாத்திரை வருஷக்கணக்கில் உள்ளே போனால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடுமாம். திடீரென்று நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் ரத்த அழுத்தம் விழுந்துவிடுமாம். குறைக்க வேண்டுமென்றால் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் மாத்திரையை விடாமல் உடனே டாக்டரைக் கேட்க வேண்டும், சில நேரம் கூட்டித்தான் கொடுப்பார்கள் என்றார். எதிர்ப்புச் சக்தி குறைவது உண்மைதான், அதற்குத்தான் முகக்கவசமும் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதும் என்றார். இதனால்தான் போனாரா என்று கேட்டேன். "அடிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்த வார்த்தைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன்.

நீ இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரரிடம் காட்டலாம். எல்லோரிடமும் சொல்லலாம். மகளிடம் மட்டும் நானே சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நாள் கொடு. என் பொய்யை நம்பி நீ ஒரு முடிவு எடுத்திருக்கிறாய். அதனால்தான் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன், அதுவும் உண்மை.

உன் டாக்டரை நாளைக்கே கூப்பிடு. என்ன மாத்திரை, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பர்சில் வைத்துக்கொள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதை நீட்டு. உன் வாயால் நீயே சொல். உனக்காக வேறு யாரும் சொல்வார்கள் என்று இருக்காதே.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அண்ணி என்று கூப்பிட உனக்கு மனசு வராது, நான் எதிர்பார்க்கவும் இல்லை. மாதா மாதம் மாத்திரை தீர்ந்த அட்டையை மட்டும் ஒரு உறையில் போட்டு அனுப்பிவிடு. உள்ளே ஒரு வரிகூட வேண்டாம். கிடைத்ததும் தெரிந்துகொள்வேன்.

நீ நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் வீட்டிலிருந்து